தலையாட்டியும் தராகியும்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்க இருபது நிமிடம்போல ஆகும். அந்த இருபது நிமிடத்தில் ரயில் ஒரு போர் வரலாற்றின் ஓரமாகவே ஓடுகிறது. கிளம்பும் இடத்தில் விமானப் படைத்தளம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பல்லாவரமும் பரங்கிமலையும் கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துக் கண்டோன்மென்ட்கள். பரங்கிமலையை ஒட்டி ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். நடுவில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்தில் ஏற வேண்டிய பெட்டிகள் இங்கேயே தங்கிவிட, அவற்றில் இருந்த குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வைத்தது ஓர் ஈழ இயக்கம். செத்தவர்களில் பலர் இலங்கைக்குத் திரும்பக் காத்திருந்த பயணிகள். ரயிலைத் திருப்பித் தெற்கே செங்கல்பட்டுக்கு விட்டால், ஈழத்தமிழர்களை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்திருந்த சிறப்பு முகாம் இருந்த ஊர்.

இவ்வளவும் நம் வீட்டு வாசலில் நடந்தது. ஆனால் போரை நாம் அறிந்தது பெரும்பாலும் துயரமாகவும் கோபமாகவும்தான். 2012 ஜூலையில் இலங்கை விமானப் படையினர் சிலருக்குத் தாம்பரம் தளத்தில் பயிற்சி என்ற செய்தி வந்தது. தமிழகம் கொதித்தது. முதல்வர் ஜெயலலிதா எதிர்த்து அறிக்கை விட்டார். பயிற்சிக்கு வந்தவர்களை பெங்களூருக்குப் பக்கத்தில் யெலஹங்காவுக்கு மாற்றினார்கள். விஷயம் அத்தோடு அடங்கியது. முள்ளிவாய்க்காலுக்கு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது, கோபத்தில் முழு நியாயம் இருந்தது. என்ன பயிற்சி, எதற்கு, ஒரு நாட்டின் படையை அண்டை நாட்டுப் படை பயிற்றுவிப்பதால் இரண்டுக்கும் நடுவே என்ன கடன் உண்டாகிறது என்ற கேள்விகளைத்தான் மேடைகளில் கேட்க முடியவில்லை. அந்தக் கேள்விகளையே தொழிலாக வைத்திருந்த ஒரு தமிழர் அப்போது உயிரோடு இல்லை. கொல்லப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தர்மரத்தினம் சிவராம் 1959 ஆகஸ்ட் 11இல் மட்டக்களப்பில் பிறந்தார். ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்த குடும்பம். புனித மைக்கேல் கல்லூரியிலும் பிறகு கொழும்பிலும் படித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே இயக்கத்துக்குப் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. கையில் கிடைத்த தத்துவத்தையும் அரசியலையும் இலக்கியத்தையும் படித்துவிட்டு விடிய விடிய வாதம் செய்யும் இளைஞர் கூட்டம். கோயில் ஆய்வுக்காக வந்த மார்க் விட்டேக்கர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சிவராமோடு பழகத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கால் நூற்றாண்டு கழித்து, 2007இல், நண்பரின் வாழ்வையும் சிந்தனையையும் 'லேர்னிங் பாலிடிக்ஸ் ஃப்ரம் சிவராம்' என்ற நூலாக எழுதியதும் அவர்தான். ஆய்வாளரே ஆய்வுக்குரியவரிடம் பாடம் கேட்டதாக ஒப்புக்கொள்ளும் தலைப்பு அது.

சிவராம் சேர்ந்த இயக்கம் புளொட். உமாமகேஸ்வரன் தலைமையில் இயங்கிய அந்த அமைப்புக்குத் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாடு பக்கம் முகாம்கள் இருந்தன. அங்கே சொந்தத் தோழர்களையே சித்திரவதை செய்து கொன்றதை, உள்ளேயிருந்து வெளியேறிய ஒருவர் கோவிந்தன் என்ற பெயரில் 1985இலேயே 'புதியதோர் உலகம்' நாவலாக எழுதிவிட்டார். பலர் விலகிப் போனார்கள். சிவராம் அப்போது விலகவில்லை. 1988இல் இயக்கத்தின் அரசியல் பிரிவான ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணியின் பொதுச் செயலாளராகவும் ஆனார். அந்த ஆண்டு நவம்பர் 3இல் புளொட் ஆட்கள் மாலத்தீவில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். இந்திய வான்குடைப் படை ஆக்ராவிலிருந்து பறந்து வந்து ஒரே இரவில் அதை முறியடித்தது. விடுதலை கேட்டுப் புறப்பட்ட ஓர் இயக்கம் வேறொரு நாட்டு வணிகருக்குக் கூலிப்படை ஆகிவிட்டது. இந்துமாக் கடலில் யார் பெரியவர் என்பதும் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. மறு ஆண்டு ஜூலையில் உமாமகேஸ்வரன் கொழும்பில் தன் ஆட்களாலேயே சுடப்பட்டு இறந்தார். அந்தக் காலத்தில்தான் சிவராம் இயக்கத்தை விட்டு எழுத்துக்கு வந்தார்.

அவரை எழுத்துக்குள் இழுத்தவர்களில் ரிச்சர்ட் டி சொய்சாவை மறக்கக் கூடாது. சிங்களத் தகப்பனுக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த கவிஞர், நாடக நடிகர், இண்டர் பிரஸ் சர்வீஸின் செய்தியாளர். 1990 பிப்ரவரியில் அவரை வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். உடல் மொறட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. இந்தத் தொழிலில் உயிருக்கு என்ன விலை என்று சிவராமுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் 'தி ஐலண்ட்' ஆங்கில நாளிதழில் தராகி என்ற புனைபெயரில் பத்தி தொடங்கியிருந்தார். சிங்கள தேசியத்துக்கு நெருக்கமான பத்திரிகை அது. அதில் ஒரு முன்னாள் தமிழ்ப் போராளி போர்க்களத்தைப் படம் வரைந்து காட்டுவதுபோல விளக்கினார். அதை ராணுவ அதிகாரிகளும் படித்தார்கள், தூதரகங்களும் படித்தன, வன்னியில் புலிகளும் படித்தார்கள்.

அந்த எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஈழப் போரை எழுதியவர்கள் ஏராளம். 1984இல் சென்னையில் பிரபாகரனைப் பேட்டி கண்ட அனிதா பிரதாப், இயக்கங்களின் வரலாற்றை 1994இல் 'டைகர்ஸ் ஆஃப் லங்கா' என்று தொகுத்த எம்.ஆர். நாராயண் சுவாமி போன்ற செய்தியாளர்கள் நமக்குத் தந்தது பெரிது. யார், எப்போது, என்ன சொன்னார், யாரைக் கொன்றார் என்ற பதிவு அவர்களால்தான் நமக்கு மிஞ்சியது. சிவராம் அதற்கு அடுத்த கேள்விக்குப் போனார். இந்தச் சண்டை ஏன் இந்தச் சாலையில் நடக்கிறது? 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து ஏ9 சாலை வழியே கிளிநொச்சிக்குப் பாதை திறக்க ராணுவம் 'ஜெயசிக்குறு' நடவடிக்கையைத் தொடங்கியபோது, தினசரிகள் பிடித்த ஊர்களின் பெயர்களையும் செத்தவர் எண்ணிக்கையையும் தந்தன. சாலையைப் பிடிக்கப் பிடிக்க அதைக் காக்கும் ஆட்கள் கூடுதலாக வேண்டும், அந்த ஆட்களை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும், எடுத்த இடம் பலவீனமாகும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களுக்கு 1999 நவம்பரில் அந்தப் பாதை முழுவதும் சில நாட்களில் சரிந்தது பேரதிசயமாகத் தெரியவில்லை. சிவராம் வாசகருக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

அவருக்குக் களம் தெரியும், நூலகமும் தெரியும். பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் கிட்சன் 1971இல் எழுதிய 'லோ இன்டென்சிட்டி ஆபரேஷன்ஸ்', மலாயாவை அடக்கிய ராபர்ட் தாம்சனின் நூல் போன்றவை கிளர்ச்சியை முறியடிப்பவர்களுக்கான பாடப்புத்தகங்கள். அடக்கப்படுபவன் அவற்றை அவசியம் படிக்க வேண்டும் என்பது சிவராமின் பிடிவாதம். கைது, சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி, துணைக்குழு, பிளவு எல்லாம் ஒரு அதிகாரியின் வெறியிலோ ஒரு அரசாங்கத்தின் கெட்ட குணத்திலோ விளைந்தவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை எழுதிவைக்கப்பட்ட செய்முறைகள், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கைமாறுபவை என்றார் அவர். அவற்றின் நோக்கம் எதிராளியைக் கொல்வதோடு முடிவதில்லை, மக்கள் கேட்பதைச் சுருக்குவதுதான் குறி. நாடு கேட்டவன், அடுத்து, பிடித்துக்கொண்டு போன பிள்ளையை விடுங்கள் என்று கேட்பான். பிறகு சாவடியில் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள் என்பான். கடைசியில் எதுவும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொள்வான்.

இதை ஓர் உருவத்தில் காட்டலாம். எண்பதுகளில், தொண்ணூறுகளில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த யாரிடமும் 'தலையாட்டி' என்று சொல்லிப் பாருங்கள். விடிகாலையில் ஊரை வளைப்பார்கள். ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச்சொல்வார்கள். ஒரு வாகனத்துக்குள்ளோ நாற்காலியிலோ சாக்கால் தலையை மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசையாக ஒவ்வொருவரும் அவன் முன்னால் நின்று போக வேண்டும். அவன் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் வேறு பக்கம் நிறுத்துவார்கள். சாக்குக்குள் இருப்பவன் நேற்றுவரை கூடப் பந்து விளையாடியவனாக இருக்கலாம், அடிதாங்காமல் யாரையாவது காட்டியாக வேண்டிய நிலையில் இருக்கலாம். திரும்பி வந்தவர்களும் நிம்மதியாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாக்குக்குள் இருந்தது இவன்தானோ என்ற எண்ணம் வந்துவிடும்.

எங்கள் மண்ணின் தனித் துயரம் என்று இதைச் சொல்லுவோர் உண்டு. ஆனால் 1954இல் நைரோபியில் கிகுயு மக்களை வளைத்து வடிகட்டியபோதும் பிரிட்டிஷார் சாக்கு மூடிய ஆட்களைத்தான் உட்காரவைத்தார்கள். கிகுயு மக்கள் அவர்களைக் 'கக்குனியா' என்றார்கள். சின்னச் சாக்கு என்று பொருள். கிட்சன் தன் பாடத்தைத் தொடங்கியது அதே கென்யாவில்தான். 1984இலிருந்து இலங்கையின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது, பிரிட்டனின் சிறப்புப் படையிலிருந்து விலகியவர்கள் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம். அந்த அதிரடிப் படையை முக்கியமாக இறக்கிய இடங்களில் ஒன்று சிவராமின் சொந்த மட்டக்களப்பு. நைரோபிச் சாக்கு மட்டக்களப்புக்கு எந்தக் கைகள் வழியாக வந்தது என்று என்னால் நிறுவ முடியாது, நிறுவத் தேவையும் இல்லை. இரண்டு இடங்களிலும் அது செய்யும் வேலை ஒன்றாக இருக்கிறது என்று பார்க்கும் கண்தான் தேவை. அந்தக் கண் இல்லாமல் தலையாட்டியை ஒரு துரோகியாக மட்டும் பார்த்துவிட்டால், அவனைச் செய்து உட்காரவைத்தவர்கள் படத்திலிருந்தே மறைந்துபோகிறார்கள். துரோகி என்ற சொல்லை நாம் எத்தனை பேர் மீது எவ்வளவு எளிதாக வீசினோம் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உலகில் சிவராமுக்கு யாரை ஒப்புச் சொல்லலாம் என்று கேட்டால் எனக்குத் தோன்றுபவர் பெர்னார்ட் ஃபால். பதின்வயதில் நாஜிகளுக்கு எதிரான பிரெஞ்சு எதிர்ப்புப் படையில் இருந்தவர். 1953இல் ஆய்வு மாணவராக வியட்நாம் போனார். 'ஸ்ட்ரீட் வித்தவுட் ஜாய்' என்று தன் நூலுக்குப் பெயர் கொடுத்த அதே சாலைப் பகுதியில், 1967 பிப்ரவரியில் கண்ணிவெடியில் இறந்தார். போராளியாக இருந்து பிறகு ஆய்வுக்கு வந்தவர்களிடம் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. வீரம் பற்றிய பேச்சு அவர்களை எளிதில் மயக்குவதில்லை. துப்பாக்கிக்குத் தோட்டா எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சிவராமின் எழுத்துகளில் தமிழ்நாட்டு வாசகருக்கு மிக அருகில் இருப்பது, மெர்வின் டி சில்வா நடத்திய 'லங்கா கார்டியன்' இதழில் 1992இல் 11 பகுதிகளாக வந்த 'ஆன் டமில் மிலிட்டரிசம்'. ஈழப் போராட்டத்தின் படைத்துறை மனநிலைக்கு வேர் தேடப் புறப்பட்டவர் போய்ச் சேர்ந்த இடம் ராமநாதபுரமும் சிவகங்கையும் திருநெல்வேலியும். பாளையக்காரர்களை வென்ற கும்பினி, 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதோடு நிற்கவில்லை. படை வைத்துப் பிழைத்த சாதிகளின் ஆயுதத்தைப் பறித்தது. காவல் உரிமையைப் பறித்தது. பின்னாளில் வந்த பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை அவர்கள் மேல் போட்டது. உழவையும் அமைதியையும் தமிழரின் இயல்பான குணமாகக் காட்டும் ஒரு சித்திரம் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. இதற்கு எதிர்வினையாகப் பழைய மறக்குடிப் பெருமை சங்க இலக்கியப் பதிப்புகளின் துணையோடு எழுந்து, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்கள் வழியே மொழிப் பெருமையாக மாறி, கடைசியில் தேசிய உணர்வுக்குள் கலந்தது. அவருடைய வாதத்தின் முதுகெலும்பு இது.

இந்த வாதத்தை நான் பல்லாவரம் கண்டோன்மென்ட் எல்லைச் சுவர் ஓரமாக நடக்கும்போது நினைத்துக்கொள்வதுண்டு. கும்பினி இந்தியாவைப் பிடிக்க உதவிய மெட்ராஸ் ஆர்மியில் தமிழரும் தெலுங்கரும் நிறைந்திருந்தார்கள். 1881 முதல் 1885 வரை அந்தப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று தீர்மானித்தார். 'வீர இனங்கள்' என்ற கொள்கைக்குப் பெரிய வக்கீலும் அவரே. படைக்கு ஆளெடுப்பது பஞ்சாபுக்கும் நேபாளத்துக்கும் நகர்ந்தது. ஒரு சமூகம் வீரமுள்ளதா இல்லையா என்பதை ஆளெடுக்கும் அலுவலகம் முடிவு செய்தது. பிறகு அந்த முடிவே அந்தச் சமூகத்தின் குணம் என்று பாடப்புத்தகத்தில் ஏறியது.

ஆனால் ஓர் இடத்தில் நான் அவரோடு முழுதாக உடன்பட முடியாது. மறக்குடிப் பெருமை எப்படி உருவானது என்று விளக்கியவர், அதே பெருமை தமிழ்நாட்டுக் கிராமத்தில் யார் தலைமேல் இறங்குகிறது என்பதற்கு அதே அளவு இடம் தரவில்லை. அந்தத் தொடர் வந்து மூன்றே ஆண்டுகளில், 1995இல், கொடியங்குளத்தில் தலித் மக்களின் வீடுகள் நொறுக்கப்பட்டன. தென் மாவட்டங்கள் பற்றி எரிந்த ஆண்டுகள் அவை. கொழும்பிலிருந்து பார்க்கும்போது இழந்த படைக்கலத்தின் நினைவாகத் தெரிந்தது, நெல்லைச் சீமையில் அடுத்த தெருக்காரனின் வாசலில் அரிவாளாக நின்றது. இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள். தமிழ்நாட்டில் அந்தத் தொடரைப் படிப்பவர் இரண்டாவது முனையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு, அது இதைவிடக் கனமானது. அரசின் செய்முறைகளை அவ்வளவு கூர்மையாகப் பிரித்துக் காட்டியவர், புலிகள் தம் மக்கள் மீதே நடத்திய கட்டாயத்தையும், பிள்ளைகளைப் படையில் சேர்த்ததையும், மாற்றுக் கருத்துக்காரர்களைக் கொன்றதையும் பொதுவெளியில் அதே கூர்மையோடு எழுதவில்லை. படைவலிமையில் சமநிலை இருந்தால் மட்டுமே சிங்கள அரசு பேச்சுக்கு வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். 2002 போர்நிறுத்தம் அந்த நம்பிக்கைக்குச் சான்றுபோலத் தெரிந்தது. சமநிலையைக் காக்க வேண்டியவர்களை விமர்சித்தால் சமநிலை குலையும் என்ற கணக்கு அதற்குள் ஒளிந்திருந்தது. குலைத்தது விமர்சனம் இல்லை, உள்ளிருந்து வந்த பிளவு. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா கிழக்கைப் பிரித்துக்கொண்டு போனார். மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான சிவராம், கிழக்குக்கு அநீதி நடந்தது என்ற கருணா தரப்பின் வாதத்தை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். பிளவு கிளர்ச்சி முறியடிப்பின் பழைய கருவி என்று அவருக்குத் தெரியும். ஆனால் கருவி நுழைய வேண்டுமானால் முதலில் ஒரு விரிசல் வேண்டும். அந்த விரிசலைப் பற்றி அவர் முன்பே எழுதியிருந்தால் என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை.

1997க்குப் பிறகு அவர் ஆசிரியப் பொறுப்பில் இருந்த தமிழ்நெற் என்ற இணையச் செய்தித்தளம் அவருடைய இன்னொரு பள்ளிக்கூடம். வடகிழக்கின் சிற்றூர்களிலிருந்த செய்தியாளர்களைச் சேர்த்து, உணர்ச்சிச் சொற்களைக் களைந்து, எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யார் சொன்னது என்று மட்டும் எழுதவைத்தார். அழுவதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஊர்களிலிருந்து அழாத வாக்கியங்கள் வந்தன. அதனாலேயே எதிர்த்தரப்பும் அதைத் தள்ளிவிட முடியவில்லை. அந்தத் தலைமுறைத் தமிழ்ச் செய்தியாளர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டதும் அதனாலேயே. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19. மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2004 மே 31. நடேசன் சிவராமின் நெருங்கிய நண்பர். சிவராமை 2001 டிசம்பரில் மட்டக்களப்பில் தாக்கியிருந்தார்கள். 2004இல் காவல்துறை அவர் வீட்டைச் சோதனையிட்டது. நாட்டை விட்டுப் போய்விடு என்று சொன்ன நண்பர்கள் பலர். அவர் போகவில்லை.

2005 ஏப்ரல் 28 இரவு பத்தரை மணிபோல, கொழும்பு பம்பலப்பிட்டியில் நண்பர்களோடு இருந்துவிட்டு வெளியே வந்தவரை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதிரே காவல் நிலையம். மறுநாள் காலை, நாடாளுமன்றத்துக்குப் பின்னால், தலங்கம பக்கம், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அவர் உடல் கிடந்தது. தலையில் சுட்டிருந்தார்கள். புலிகள் 'மாமனிதர்' என்ற பட்டம் கொடுத்தார்கள். ஒருவரைக் கைது செய்து பிறகு விட்டார்கள். இதுவரை எவருக்கும் தண்டனை இல்லை.

அவருடைய முறையிலேயே இதைப் படித்துப் பார்க்கலாம். காவல் நிலைய வாசலில் தொடங்கி நாடாளுமன்றக் காவல் எல்லைக்குள் முடிகிறது பயணம். போர்நிறுத்தம் நடப்பில் இருந்த காலம். வாகனம் எந்தச் சாலை வழியே போனது, அந்தச் சாலையில் அன்றிரவு யார் பணியில் இருந்தார்கள், வலயத்தின் வாயிலில் அதை நிறுத்த வேண்டியது யார், நிறுத்தினார்களா? கிராமத்திலிருந்து ஒரு செய்தியாளர் இந்தச் செய்தியைத் தமிழ்நெற்றுக்கு அனுப்பியிருந்தால், ஆசிரியர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை.